அப்பாவின் பயோகெமிஸ்ட்ரி ரிப்போர்ட்: கவனிக்க வேண்டிய எண் எது?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. மளிகைக் கடை வைத்திருக்கிறார். ரத்த அழுத்தத்துக்காகச் சில ஆண்டுகளாக டெல்மிசார்டன் மாத்திரை சாப்பிடுகிறார். வேறு தொந்தரவு எதுவும் இல்லை. சலுகை விலையில் முழு உடல் பரிசோதனை என்ற விளம்பரத்தைப் பார்த்து ஓர் ஆய்வகத்தில் பதிவு செய்தோம். "வெறும் வயிற்றில் இருக்க வேண்டும்" என்றார்கள். இரவு ஏழரை மணிக்குச் சாப்பிட்ட அப்பா, அதன்பின் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ரத்தம் எடுக்க வரவேண்டியவர் மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் வந்தார். நரம்பு கிடைக்காமல் இரண்டு முறை குத்தி, கையை மூடி மூடித் திறக்கச் சொல்லி ரத்தம் எடுத்தார். பிறகு இன்னும் சில வீடுகளுக்குப் போக வேண்டும் என்று புறப்பட்டார். இரவு ரிப்போர்ட் வந்தது. "பயோகெமிஸ்ட்ரி" என்ற தலைப்பின்கீழ் யூரியா 48, கிரியேட்டினின் 1.3, பொட்டாசியம் 5.7, யூரிக் அமிலம் 7.4, எஸ்.ஜி.ஓ.டி. 52, பிலிருபின் 1.4 எல்லாம் தடித்த எழுத்தில் இருந்தன. சோடியம் 138, எஸ்.ஜி.பி.டி. 34 இரண்டும் சரி. சர்க்கரை 118, அது பார்டர்தான் என்று விட்டுவிட்டோம். "உப்பு ஏறிவிட்டது, கிட்னி போய்விட்டது" என்று பார்த்தவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். சமையலில் சாதாரண உப்பை நிறுத்தி, சோடியம் குறைந்த உப்பு வாங்கிப் போடுகிறோம். தினமும் இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் கொடுக்கிறோம். பிரஷர் மாத்திரைதான் காரணம் என்று அதை நிறுத்திவிட அப்பா நினைக்கிறார். "பயோகெமிக் மாத்திரை சாப்பிட்டால் பயோகெமிஸ்ட்ரி சரியாகிவிடும்" என்கிறார் சித்தப்பா. பயோகெமிஸ்ட்ரி என்றால் உண்மையில் என்ன? பிளஸ் டூ முடித்திருக்கும் என் மகள் பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி சேர விரும்புகிறாள். அதுவும் இதுவும் ஒன்றுதானா?

— ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

அன்புள்ள மகளுக்கு,

விளக்கங்களுக்கு முன்னால், இன்றே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சோடியம் குறைந்த உப்பு பாக்கெட்டை அடுப்படியிலிருந்து எடுத்துவிடுங்கள். இளநீரையும் வாழைத்தண்டுச் சாற்றையும் இப்போதைக்கு நிறுத்துங்கள். சோடியம் குறைந்த உப்பில், சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கிறது. இளநீரிலும் வாழைத்தண்டிலும் பொட்டாசியம் மிகுதி. உங்கள் அப்பா சாப்பிடும் டெல்மிசார்டன், சிறுநீர் வழியாகப் பொட்டாசியம் வெளியேறுவதைக் குறைக்கும் தன்மை உடையது. ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 5.7 என்று வந்திருக்கிறது. பெரும்பாலான ஆய்வகங்களில் மேல் எல்லை 5 அல்லது 5.1. அந்த 5.7 உண்மையான அளவாக இருந்தால், நீங்கள் அன்போடு கொடுக்கும் மூன்றும் அவரை ஆபத்துக்கு அருகில் கொண்டுபோகும். பொட்டாசியம் வெகுவாக ஏறினால் இதயத் துடிப்பின் சீர் குலையும். வெளியில் அறிகுறி எதுவும் தெரியாமலேகூட அது நேரலாம்.

அதனால் நாளைக் காலையே, வீட்டுக்கு ஆள் வரவழைக்காமல், மருத்துவமனையோடு சேர்ந்த ஓர் ஆய்வகத்துக்கு நேரில் போய்ப் பொட்டாசியத்தையும் கிரியேட்டினினையும் மறுபடி பாருங்கள். அங்கேயே ஓர் இ.சி.ஜி.யும் எடுத்துவிடுங்கள். இன்றிரவே கை கால் தளர்ச்சியோ, படபடப்போ, மூச்சு வாங்குதலோ இருந்தால் காலைவரை காத்திருக்க வேண்டாம். அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மறுபரிசோதனை எண்ணைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும். சிறுநீரில் புரதம் ஒழுகும் நோயாளிகளுக்குச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதற்காகவே கொடுக்கப்படும் மாத்திரை வகை அது. அதைக் "கிட்னியைக் கெடுத்தது" என்று தூற்றுவது நியாயமல்ல.

இந்தக் குழப்பத்தின் வேர் "உப்பு" என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. நம் ஊர்களில் யூரியா, கிரியேட்டினின் கூடினால் "ரத்தத்தில் உப்பு" என்கிறோம். கர்ப்பிணிகளின் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் தென்பட்டாலும் "உப்பு" என்றுதான் சொல்கிறோம். இவற்றில் எதுவும் நாம் குழம்பில் போடும் உப்பு அல்ல. குழம்பில் போடும் உப்பு ரிப்போர்ட்டில் சோடியம், குளோரைடு என்ற பெயர்களில் வரும். உங்கள் அப்பாவுக்குச் சோடியம் 138, மிகச் சரியாக இருக்கிறது. ரத்த அழுத்தம் உள்ளவர் உணவில் உப்பைக் குறைப்பது நல்லதுதான். ஆனால் உப்பை அடியோடு நிறுத்தினால் கிரியேட்டினின் இறங்கிவிடும் என்பது தவறான கணக்கு. மருத்துவமனைகளில் இந்தச் சொல் ஏற்படுத்தும் விபரீதத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உப்பே இல்லாமல் சாப்பிட்டு, சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் மாத்திரையும் சேர்ந்து, சோடியம் 115-க்கு இறங்கித் தன்னிலை மறந்த முதியவர்களைப் படுக்கையில் கொண்டுவந்து சேர்ப்பார்கள். அவர்களில் சிலருடைய ரிப்போர்ட்டில் தொடக்கத்தில் இருந்தது, உங்கள் அப்பாவுக்கு இருப்பதுபோல் சற்றே கூடிய கிரியேட்டினின் மட்டும்தான்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். உயிர்வேதியியல் என்று பாடப்புத்தகங்களில் நாம் படிக்கும் பயோகெமிஸ்ட்ரி, உயிருள்ளவற்றுக்குள் நடக்கும் வேதிவினைகளைப் படிக்கும் அறிவியல். தின்ற சோறு எப்படிச் சர்க்கரையாகிறது, அந்தச் சர்க்கரை எப்படி ஆற்றலாகிறது, கழிவு எப்படி வெளியேறுகிறது, காயம்பட்ட இடத்தில் ரத்தம் எப்படி உறைகிறது, எல்லாம் அதன் எல்லைக்குள் வரும். மருத்துவமனையில் இதே சொல் இன்னும் சுருங்கிய பொருளில் புழங்குகிறது. "பயோகெமிஸ்ட்ரி அனுப்பியாயிற்றா?" என்று மருத்துவர் செவிலியரிடம் கேட்டால், ரத்தத்தில் கரைந்திருக்கும் பொருள்களை அளக்கும் பரிசோதனைகளுக்கு மாதிரி போயிற்றா என்று பொருள். ரத்த அணுக்களை எண்ணினால் அது ஹெமட்டாலஜி. கிருமியை வளர்த்துப் பார்த்தால் மைக்ரோபயாலஜி. "பயோகெமிஸ்ட்ரி நார்மல்" என்றால் அளந்த பொருள்கள் எல்லைக்குள் இருக்கின்றன என்பது மட்டுமே. உடம்பு முழுவதும் நலம் என்று அதற்குப் பொருள் கிடையாது. அதேபோல், பயோகெமிஸ்ட்ரி தாளில் ஓர் எண் எல்லை தாண்டியிருந்தால் நோய் வந்துவிட்டது என்றும் பொருள் கிடையாது.

இந்தக் கடைசி வரியைத்தான் உங்கள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அந்தத் தாளில் இருப்பவை உங்கள் அப்பாவின் உடலைப் பற்றிய எண்கள் அல்ல. அவர் உடலிலிருந்து ஒரு நாள் காலையில், ஒரு விதத்தில் எடுக்கப்பட்டு, சில மணி நேரம் ஒரு பையில் பயணம் செய்த சில மில்லி ரத்தத்தைப் பற்றிய எண்கள். உடலுக்கும் மாதிரிக்கும் இடையில் என்னென்ன நடந்தது என்று தெரியாமல் அவற்றைப் படிக்கக் கூடாது. நல்லவேளையாக, நடந்ததை எல்லாம் உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். பல மருத்துவர்களுக்குக்கூட இத்தனை விவரம் கிடைப்பதில்லை.

பொட்டாசியத்திலிருந்து தொடங்குவோம். நம் உடலில் உள்ள பொட்டாசியத்தில் நூற்றுக்கு 98 பங்கு அணுக்களுக்கு உள்ளேதான் இருக்கிறது. வெளியே, ரத்தத்தின் நீர்ப்பகுதியில் இருப்பது மிகச் சொற்பம். ரிப்போர்ட் சொல்வது அந்தச் சொற்பத்தை. ஆகவே சில சிவப்பணுக்கள் உடைந்தாலே போதும், உள்ளே இருந்தது கசிந்து எண் உயர்ந்துவிடும். நரம்பு கிடைக்காமல் குத்தி இழுக்கும்போது அணுக்கள் உடையும். கையில் கட்டும் பட்டையை இறுக்கிக்கொண்டு கையை மூடி மூடித் திறக்கும்போது முன்கைத் தசைகளிலிருந்து பொட்டாசியம் வெளியேறி, அதே இடத்தில் எடுக்கும் ரத்தத்தில் கலக்கும். எடுத்த ரத்தத்தை உடனே சுழற்றி அணுக்களையும் நீர்ப்பகுதியையும் பிரிக்காமல் மணிக்கணக்கில் வைத்திருந்தாலும் கசியும். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தால் கெடாது என்று நினைப்போம். பிரிக்காத ரத்தத்தைக் குளிரில் வைத்தால் பொட்டாசியம் இன்னும் கூடுதலாகவே வெளியே வரும். உங்கள் அப்பாவின் விஷயத்தில் இவற்றில் குறைந்தது மூன்று நடந்திருக்கின்றன.

இதற்கு அந்தத் தாளிலேயே ஒரு சாட்சியும் இருக்கிறது. எஸ்.ஜி.ஓ.டி. 52 என்று கூடியிருக்கிறது, எஸ்.ஜி.பி.டி. 34 என்று எல்லைக்குள் நிற்கிறது. அணுக்களுக்குள் இருக்கும் நொதிகளான இந்த இரண்டையும் "லிவர் டெஸ்ட்" என்று ஒன்றாகச் சொல்கிறோம். ஆனால் எஸ்.ஜி.பி.டி. பெரும்பாலும் கல்லீரலில் இருப்பது, எஸ்.ஜி.ஓ.டி. இதயத் தசையிலும், கை கால் தசைகளிலும், சிவப்பணுக்களிலும்கூட இருக்கிறது. 1954-இல் இதை முதலில் ரத்தத்தில் அளந்து பயன்படுத்தியதே மாரடைப்பைக் கண்டுபிடிக்கத்தான். எனவே கல்லீரல் பாதிக்கப்படாமலேயே எஸ்.ஜி.ஓ.டி. மட்டும் கூடுவதற்கு, அரிசி மூட்டை தூக்கிய உழைப்போ, உடைந்த சிவப்பணுக்களோ போதும். பொட்டாசியமும் எஸ்.ஜி.ஓ.டி.யும் சேர்ந்து கூடியிருப்பது, மாதிரி எடுத்தபோது அணுக்கள் உடைந்திருக்கலாம் என்ற என் ஐயத்தை வலுப்படுத்துகிறது. நல்ல ஆய்வகமாக இருந்தால் "ஹீமோலைஸ்டு" (சிவப்பணுக்கள் உடைந்த மாதிரி) என்று ஒரு குறிப்பாவது போட்டிருக்கும், அல்லது மாதிரியையே திருப்பி அனுப்பியிருக்கும். ஆனாலும் ஐயத்தை நம்பி இருந்துவிடக் கூடாது; டெல்மிசார்டன் சாப்பிடுபவர் என்பதால் மறுபரிசோதனை கட்டாயம்.

அடுத்து யூரியாவும் கிரியேட்டினினும். வீட்டில் அதிகம் பயந்தது இவற்றுக்குத்தான் என்று தெரிகிறது.

யூரியா, நாம் உண்ணும் புரதத்தின் கழிவு. கல்லீரலில் உருவாகிச் சிறுநீரில் போகிறது. உயிர்வேதியியல் என்ற துறை பிறக்க வழிவகுத்த பொருள்களில் ஒன்று அது. உயிரின் பொருள்களை உயிர்தான் உண்டாக்க முடியும் என்று நம்பிய காலத்தில், 1828-இல் பிரெடரிக் வோலர் என்ற ஜெர்மானிய வேதியியலர் அதே யூரியாவைச் சோதனைக் கூடத்தில், சிறுநீரகத்தின் துணை இல்லாமல் செய்துகாட்டினார். உடலுக்குள் நடப்பதும் வேதியியல்தான், அளக்கக் கூடியதுதான் என்ற துணிவு அங்கிருந்து வளர்ந்தது. உடலில் தண்ணீர் குறைந்தால், சிறுநீரகம் தண்ணீரைச் சேமிக்கும் வேலையோடு யூரியாவையும் கொஞ்சம் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். பதினான்கு மணி நேரத்துக்கும் மேலாகத் தண்ணீர் குடிக்காத 61 வயதுக்காரருக்கு யூரியா 48 வருவதில் வியப்பில்லை. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும்: சில ஆய்வகங்கள் யூரியா என்றும் சில பி.யூ.என். என்றும் ரிப்போர்ட் தருகின்றன. பி.யூ.என். என்பது யூரியாவில் உள்ள நைட்ரஜனின் அளவு. அதை 2.14-ஆல் பெருக்கினால்தான் யூரியா கிடைக்கும். போன ஆண்டு 22, இந்த ஆண்டு 48 என்று பதறி வருபவர்களிடம் தாளை வாங்கிப் பார்த்தால், போன ஆண்டு பி.யூ.என்., இந்த ஆண்டு யூரியா. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான். உங்கள் அப்பாவின் பழைய ரிப்போர்ட் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

கிரியேட்டினின் தசையிலிருந்து வருகிறது. தசைகளில் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற பொருள் அவசரத் தேவைக்கான ஆற்றலைச் சேர்த்து வைத்திருக்கிறது. அது நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதைந்து கிரியேட்டினினாகி, சிறுநீரில் போய்விடும். இந்தக் கிரியேட்டின் பாஸ்பேட்டை 1927-இல் கண்டறிந்து அறிவித்த இருவரில் ஒருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திரத்தின் பீமவரத்தில் 1895-இல் பிறந்தவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1920-களில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போய், சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து இதைச் செய்தார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால் இருவரும் உருவாக்கிய பாஸ்பரஸ் அளக்கும் முறை, ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் செய்முறை வகுப்பில் செய்த பரிசோதனை. பிற்பாடு அவர் வழிநடத்திய ஆய்வுக்குழுவிலிருந்துதான் ஃபோலிக் அமிலத்தின் செயற்கைத் தயாரிப்பும், அதையொட்டிய புற்றுநோய் மருந்தும் வந்தன. கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரையில் அவருடைய உழைப்பும் இருக்கிறது. 1948-இல் இறந்த இவரைச் சென்னையில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளிலேயே பலர் அறியாமல் இருப்பது எனக்கு ஆறாத வருத்தம்.

கிரியேட்டினின் தசையைப் பொறுத்தது என்பதால், 1.3 என்ற அதே எண் உடலுழைப்பு மிகுந்த கட்டான ஆணுக்கு இயல்பாகவும், மெலிந்த மூதாட்டிக்குக் கணிசமான சிறுநீரகப் பாதிப்பாகவும் இருக்க முடியும். முந்தின இரவு நிறைய இறைச்சி சாப்பிட்டாலும் சற்று ஏறும். அதனால் வயதையும் பாலினத்தையும் சேர்த்து இ.ஜி.எஃப்.ஆர். என்று ஒரு கணக்குப் போடுவார்கள். சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்பதன் மதிப்பீடு அது. இப்போது பரவலாகப் பயன்படும் சூத்திரத்தில் 61 வயது ஆணுக்கு 1.3 என்பது ஏறக்குறைய 62 என்று வரும். 60-க்குக் கீழே இறங்கியோ, சிறுநீரில் அல்புமின் ஒழுகியோ, மூன்று மாதங்களுக்கு மேல் அப்படியே நீடித்தால்தான் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர் வைக்கிறோம். ஒரே ஒரு நாள் எடுத்த ரத்தத்தை வைத்து "கிட்னி போய்விட்டது" என்று தீர்ப்பு எழுதும் உரிமை எந்த மருத்துவருக்கும் கிடையாது; வந்து பார்த்த உறவினர்களுக்கு எப்படி இருக்கும்?

அதேவேளையில் 62 என்பதை முழு நிம்மதியாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கிரியேட்டினின் ஒரு தாமதமான தூதுவர். வடிகட்டும் திறனில் பாதியளவு போன பிறகே அது எல்லை தாண்டும் நிலையும் உண்டு. ஆகவே நன்றாகத் தண்ணீர் குடித்திருக்கும் ஒரு நாளில் மறுபடி பாருங்கள். கூடவே சிறுநீரில் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம் என்ற பரிசோதனையையும் செய்யுங்கள். அது 30-க்குக் கீழே இருக்க வேண்டும். ரத்த அழுத்தம் உள்ள எல்லோருக்கும் தேவையான இந்த எளிய பரிசோதனை, பல சலுகைத் தொகுப்புகளில் சேர்க்கப்படுவதே இல்லை. இன்னொரு கேள்வியையும் அப்பாவிடம் கேளுங்கள்: முட்டி வலிக்கு மருந்துக் கடையில் தானாக மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறாரா? நாள் முழுவதும் கடையில் நிற்பவர்கள் சொல்லாமல் செய்கிற காரியம் இது. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பாதிக்கும், பொட்டாசியத்தையும் ஏற்றும்.

பிலிருபின் 1.4 பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. நீண்ட பட்டினியில் அது சிலருக்கு இலேசாக ஏறும். பிறவியிலேயே அப்படி ஏறும் இயல்பு உள்ளவர்களும் உண்டு, அவர்களுக்குத் தீங்கு எதுவும் இல்லை. யூரிக் அமிலம் 7.4-ம் அப்படித்தான். கால் கட்டை விரல் வீங்கிச் சிவந்து உயிர்போகும் வலி வந்தது கிடையாது, சிறுநீரகக் கல் வந்தது கிடையாது என்றால் இந்த எண்ணுக்கு மட்டும் மருந்து தேவைப்படுவதில்லை.

தடித்த எழுத்து எப்படி வருகிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். நலமாக இருப்பவர்கள் பலரின் ரத்தத்தை அளந்து, இரு ஓரங்களிலும் உள்ளவர்களை விட்டுவிட்டு, நடுவில் உள்ள 95 விழுக்காட்டினரின் அளவுகளை "இயல்பு எல்லை" என்று வகுக்கிறார்கள். அப்படியானால் முழு நலத்தோடு இருக்கும் நூறு பேரில் ஐந்து பேர் எந்தப் பரிசோதனையிலும் எல்லைக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது பரிசோதனைகளை ஒரே நாளில் செய்தால், நோயே இல்லாத ஒருவருக்குக் குறைந்தது ஓர் எண்ணாவது தடித்த எழுத்தில் வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 64 விழுக்காடு. அறுபது, எழுபது பரிசோதனைகளைக் கட்டி விற்கும் தொகுப்புகளை நான் எதிர்ப்பதன் காரணம் இந்தக் கணக்குதான். கேள்வி இல்லாமல் செய்யும் பரிசோதனை பதிலைத் தருவதில்லை. புதிய பயத்தையும், அந்தப் பயத்தைப் போக்க இன்னொரு பரிசோதனையையும் தருகிறது.

இப்போது, நீங்கள் "பார்டர்தான்" என்று விட்டுவிட்ட எண்ணுக்கு வருகிறேன். என் கண்ணில் அந்தத் தாளிலேயே முக்கியமானது சர்க்கரை 118 தான்.

மற்ற எண்களைப் பட்டினியும், தண்ணீர்க் குறைவும், மாதிரி எடுத்த விதமும் மேலே தள்ளியிருக்கக் கூடும் என்று சொன்னேன். சர்க்கரைக்கு நிலைமை தலைகீழ். குழாயில் இருக்கும்போதும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கின்றன. பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் மணிக்கு ஐந்து முதல் ஏழு விழுக்காடு சர்க்கரை குறையும். இதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடியிட்ட குழாயில் சோடியம் ஃபுளூரைடு என்ற பொருளைப் போட்டிருக்கிறார்கள். அதுவும் முழுமையாக வேலை செய்யச் சற்று நேரம் எடுக்கும். ஆகவே வீடு வீடாகச் சுற்றிய பையிலிருந்து 118 வந்தது என்றால், உடலில் இருந்த அளவு அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்திருக்கத்தான் வாய்ப்பு. அவருடைய ஐந்து லிட்டர் ரத்தத்திலும் சேர்த்தே ஏறக்குறைய ஆறு கிராம் சர்க்கரைதான் இருக்கும். அந்த நுண்ணிய அளவை உடல் அத்தனை கட்டுப்பாட்டோடு காக்கிறது, அந்தக் கட்டுப்பாடு உங்கள் அப்பாவுக்குத் தளரத் தொடங்கியிருக்கலாம்.

வெறும் வயிற்றில் 126-ம் அதற்கு மேலும் இருந்து, மறுபரிசோதனையிலும் உறுதியானால் நீரிழிவு. உலக சுகாதார நிறுவனம் 110 முதல் 125 வரையிலும், அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 100 முதல் 125 வரையிலும் உள்ளதை இடைநிலை என்கின்றன. எந்தக் கணக்கில் பார்த்தாலும் உங்கள் அப்பா அதற்குள் வருகிறார். "பார்டர்" என்ற சொல் நம் வீடுகளில் "இன்னும் ஒன்றுமில்லை" என்ற பொருளில் புழங்குகிறது. எனக்கோ அது செயல்பட வேண்டிய நேரம் என்றுதான் படுகிறது. உணவில் சோற்றின் அளவைக் குறைத்து, நடையைக் கூட்டி, எடையைக் கொஞ்சம் இறக்கினால் நீரிழிவைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட முடியும் காலம் இதுதான். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனையோ, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையோ செய்யுங்கள். எச்பிஏ1சி 6.5-ஐ எட்டினால் நீரிழிவு. ஆனால் இரும்புச்சத்துக் குறைவான சோகை இருந்தால் அந்த எண் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதால், ஹீமோகுளோபின் அளவையும் மருத்துவரிடம் காட்டுங்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் யாராவது "வெறும் வயிற்றுச் சர்க்கரை எனக்கு வெறும் 6.5 தான்" என்று சொன்னால் ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள். பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும் வேறு அலகு. அதை 18-ஆல் பெருக்கினால் நம் கணக்கு வரும். அவருடைய 6.5-ம் உங்கள் அப்பாவின் 118-ம் ஏறக்குறைய ஒன்றே.

மறுபரிசோதனைக்குப் போகும்போது: வெறும் வயிறு என்றால் எட்டு முதல் பத்து மணி நேரம் உணவும் காபியும் இல்லாமல் இருப்பது. தண்ணீர் குடிக்கலாம், குடிக்க வேண்டும். பிரஷர் மாத்திரையை வழக்கம்போல் சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் எடுக்கும்போது கையை மூடித் திறக்கச் சொன்னால், பொட்டாசியம் பார்க்க வந்திருக்கிறோம் என்று பணிவாகச் சொல்லுங்கள். முந்தின நாள் மூட்டை தூக்க வேண்டாம். முடி கொட்டுவதற்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடும் பெண்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: பல ஆய்வகங்களில் தைராய்டு அளவிடும் முறையில் பயோட்டின் குறுக்கிட்டு, இல்லாத தைராய்டு நோயை இருப்பதாகக் காட்டிவிடும். மாத்திரை சாப்பிடுவதை ஆய்வகத்தில் சொல்லி, குறைந்தது இரண்டு நாள் நிறுத்திய பிறகு ரத்தம் கொடுக்க வேண்டும்.

எந்த ஆய்வகத்துக்குப் போவது என்று கேட்பீர்கள். விலையைக் கேட்பதற்கு முன்னால், என்.ஏ.பி.எல். தரச்சான்று இருக்கிறதா, வெளித்தரச் சோதனையில் பங்கேற்கிறீர்களா என்று கேளுங்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் உயிர்வேதியியல் துறை நடத்தும் திட்டத்தில் நாடெங்கும் உள்ள ஆய்வகங்கள் சேர்ந்திருக்கின்றன. உள்ளே எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு யூரியா என்று சொல்லாத மாதிரிகளை அனுப்புவார்கள். ஆய்வகம் அளந்து பதில் அனுப்ப வேண்டும். மற்ற ஆய்வகங்களின் பதிலோடு ஒப்பிட்டு, எங்கே விலகுகிறது என்று காட்டுவார்கள். அளவு தெரிந்த கட்டுப்பாட்டு மாதிரியைக் காலையில் முதலில் ஓட்டி, அது சரியாக வந்த பிறகே நோயாளிகளின் ரத்தத்தைத் தொடும் தொழில்நுட்பர்கள் சிறிய ஊர்களிலும் இருக்கிறார்கள். யாரும் பார்க்காத அந்த வேலையின்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

சித்தப்பா சொன்ன பயோகெமிக் மாத்திரை வேறு விஷயம். ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஷுஸ்லர் என்ற ஹோமியோபதி மருத்துவர் 1870-களில் முன்வைத்த முறை அது. பன்னிரு உப்புகள் என்று நம் ஊரில் பெயர். பெயர் ஒலியில் நெருங்கி வருவதைத் தவிர, உங்கள் கையில் உள்ள ரிப்போர்ட்டோடு அதற்குத் தொடர்பு கிடையாது. 6எக்ஸ் என்று எழுதியிருந்தால் மூலப்பொருள் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் கரைக்கப்பட்டிருக்கிறது. கிரியேட்டினினையோ பொட்டாசியத்தையோ அது இறக்காது. சித்தப்பா அக்கறையில்தான் சொல்கிறார், அவரிடம் சண்டை வேண்டாம். ஆனால் அதை நம்பி மறுபரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

மகளின் படிப்பைப் பற்றி. இரண்டும் ஒரே அறிவியல்தான், ஆனால் ஒரே வேலை அல்ல. மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தத்தை அளக்கும் பணிதான் அவளுக்கு விருப்பம் என்றால், அதற்கு நேரான படிப்பு மெடிக்கல் லேப் டெக்னாலஜி. டிப்ளமோவாகவும் இருக்கிறது, பட்டப்படிப்பாகவும் இருக்கிறது. பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி அதைவிட அகலமானது. புரதங்கள், நொதிகள், மரபணு, வளர்சிதை மாற்றம் என்று போகும். மருந்து நிறுவனங்கள், உணவுத் துறை, ஆராய்ச்சி, ஆசிரியப் பணி ஆகிய பக்கங்களில் வழி திறக்கும். ஆனால் பெரும்பாலும் முதுநிலைப் படிப்போ முனைவர் பட்டமோ சேர்ந்த பிறகே நல்ல வேலை அமைகிறது. மூன்றாண்டில் சம்பாதிக்க வேண்டிய நிலை குடும்பத்துக்கு இருந்தால் இதை முன்கூட்டியே அவளிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். வேதியியல் பிடித்திருக்கிறதா என்பதையும் கேளுங்கள். உயிரியல் பிடித்ததால் இதில் சேர்ந்து, முதல் ஆண்டிலேயே கரிம வேதியியலில் திணறும் பிள்ளைகள் நிறைய. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, மாணவர் ஒவ்வொருவரும் தம் கையால் செய்முறை செய்கிறார்களா, அல்லது பத்துப் பேர் சுற்றி நின்று ஒருவர் செய்வதைப் பார்க்கிறார்களா என்பதை மூத்த மாணவர்களிடம் விசாரியுங்கள். அந்த ஒரு விவரம் கட்டடத்தையும் விளம்பரத்தையும்விட அதிகம் சொல்லும்.